சென்னையில் 18 லட்சம், பெங்களூருவில் 21 லட்சம்... ஜோலார்பேட்டை ப்ராஜெக்ட் மேனேஜருக்கு எது லாபம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோலார்பேட்டை ஜங்ஷனில் பாருங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த சாப்பாடு, காதில் இயர்போன். ஒரு கூட்டம் பெங்களூரு போகும் ரயிலுக்குக் காத்திருக்கும். இன்னொரு கூட்டம் சென்னைக்கு. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி, ஏலகிரி என்று சுற்றுவட்டார ஊர்களில் படித்து முடித்தவர்கள் எந்தப் பக்கம் பிழைக்கப் போகிறார்கள் என்பது இந்த ஸ்டேஷனில்தான் பிரிகிறது. ரயில் பாதையில் சென்னை சென்ட்ரல் இங்கிருந்து சுமார் 215 கி.மீ., பெங்களூரு சுமார் 145 கி.மீ. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே தலைநகரைவிட பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் இவர்கள்.

அதனால் "சென்னையா, பெங்களூரா?" என்பது இங்கே பொழுதுபோக்கு விவாதம் இல்லை. எட்டு, பத்து வருஷ அனுபவத்தோடு ப்ராஜெக்ட் மேனேஜர் நிலைக்கு வந்தவர்களுக்கு இது ரொம்பவே சீரியஸான கேள்வி. அந்த வயதில்தான் கல்யாணம், குழந்தை, ஊரில் அப்பா அம்மாவுக்கு சுகர், பிரஷர் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சம்பளம் 3 லட்சம் அதிகம் என்று பெங்களூருக்குப் போனால் நிஜமாகவே கையில் காசு நிற்குமா? ஊரிலேயே ஷூ கம்பெனியில் சேர்ந்தால் என்ன ஆகும்? கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முதலில், எந்த ப்ராஜெக்ட் மேனேஜர்?

ஒரே பதவிப் பெயர்தான். ஆனால் வேலை ஒன்றில்லை. ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்றால் க்ளையன்ட் கால், டீம், பில்லிங், டெட்லைன். ப்ராடக்ட் கம்பெனியில் அதே ஆள் ப்ரோக்ராம் மேனேஜர் ஆகிவிடுவார். சம்பளப் பட்டியலும் மாறிவிடும். கட்டுமானக் கம்பெனியில் அவர் சைட்டில் ஹெல்மெட் போட்டு நிற்பவர். ஆம்பூரில்? அங்கே விசிட்டிங் கார்டில் 'மெர்ச்சண்டைசர்' என்றோ 'ப்ராடக்ட் டெவலப்மென்ட்' என்றோ இருக்கும். வெளிநாட்டு பையர் அனுப்பிய டிசைனை சாம்பிளாக்கி, ஒப்புதல் வாங்கி, தோல் வாங்கி, கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் துரத்தி, கப்பல் தேதிக்குள் கன்டெய்னரை ஏற்றிவிடுபவர் அவர்தான். செய்வது அச்சு அசல் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "பெங்களூரில் சம்பளம் அதிகம்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி, ஊருக்கான சம்பளம் இல்லை. கம்பெனி வகைக்கான சம்பளம். பெங்களூரில் ப்ராடக்ட் கம்பெனிகளும், ஸ்டார்ட்அப்களும், வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்களும் அதிகம் குவிந்திருக்கின்றன. ஆனால் பெரிய சர்வீஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் சோழிங்கநல்லூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கினால் பெரும்பாலும் சம்பளம் அப்படியேதான் இருக்கும், செலவுதான் மாறும். ஊர் மாறுவதால் உயர்வு வருகிறதா, கம்பெனி மாறுவதால் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால், அதே உயர்வு சென்னையிலேயே வேறு கம்பெனியில் கிடைக்குமா என்று தேடிவிட்டு அப்புறம் பெட்டி கட்டலாம்.

3 லட்சம் எங்கே போகுது?

ஒரு மாதிரிக் கணக்கு. சென்னை ஆஃபர் 18 லட்சம் சிடிசி, பெங்களூரு ஆஃபர் 21 லட்சம் சிடிசி என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேரியபிள் 10 சதவீதம், பெங்களூரில் 15 சதவீதம். இரண்டிலும் பேசிக் சம்பளம் சிடிசியில் பாதி; பிஎஃப் குறைந்தபட்சமாக மாதம் 1,800 ரூபாய். (இவை நம் வசதிக்கு எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஆஃபர் லெட்டரில் இருப்பதைப் போட்டு இதே வழியில் கணக்கிடலாம்.)

சென்னை 18 லட்சத்தில் 1.8 லட்சம் வேரியபிள். அது இப்போதைக்கு உங்களுடையது இல்லை. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 21,600 ரூபாயும் சிடிசிக்குள்தான் ஒளிந்திருக்கும். கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது சுமார் 43,300 ரூபாய். மிச்சம் 15.55 லட்சம்தான் வருஷத்துக்கு உங்கள் பே ஸ்லிப்பில் வரும் மொத்தத் தொகை.

இதில் வரி. 2025 பட்ஜெட்டில் மாற்றிய புதிய வரிமுறை அடுக்குகளின்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20 சதவீதம். சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவு 75,000 ரூபாய். அப்படிப் பார்த்தால் வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1.06 லட்சம். உங்கள் பங்கு பிஎஃப் 21,600, தொழில் வரி 2,500. (தொழில் வரியில் எந்த ஊரும் நம்மை ரொம்பக் கடிக்க முடியாது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவே சொல்லிவிட்டது.) எல்லாம் போக சென்னையில் மாதம் கைக்கு வருவது சுமார் 1,18,700 ரூபாய்.

பெங்களூரு 21 லட்சத்தை இதே கத்தரியில் வெட்டுங்கள். வேரியபிள் 3.15 லட்சம் போச்சு. பிஎஃப், கிராஜுவிட்டி போக பே ஸ்லிப்பில் வருவது 17.13 லட்சம். வரி சுமார் 1.33 லட்சம். மாதம் கைக்கு சுமார் 1,29,700 ரூபாய்.

வித்தியாசம் என்ன? மாதம் 11,000 ரூபாய்.

காகிதத்தில் 3 லட்சம், அதாவது மாதம் 25,000 ரூபாய் அதிகம் என்று தெரிந்தது. வங்கிக் கணக்கில் வந்து விழுவது அதில் பாதிகூட இல்லை. இரண்டு கம்பெனியும் வேரியபிளை முழுசாகக் கொடுத்தால், வரி போக வித்தியாசம் மாதம் சுமார் 19,300 ரூபாயாக உயரும். கொடுத்தால்! "போன மூணு வருஷத்தில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்று ஹெச்.ஆரிடம் கேட்பது தப்பே இல்லை. இதற்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, பெங்களூருக்குப் போவதால் உங்கள் மாதச் செலவு 11,000 ரூபாய்க்கு மேல் கூடினால், வேரியபிள் வரும்வரை நீங்கள் நஷ்டத்தில். 19,300 ரூபாய்க்கு மேல் கூடினால் வேரியபிள் வந்தாலும் நஷ்டத்தில்தான். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு வீடு தேடுங்கள்.

வாடகையைவிட அட்வான்ஸைப் பாருங்க

வீட்டு ஆப்களில் தேடும்போது பலரும் செய்யும் கோளாறு, பொருந்தாத ஏரியாக்களை ஒப்பிடுவது. அடையாறு வாடகையையும் எலக்ட்ரானிக் சிட்டி வாடகையையும் பக்கத்தில் வைத்தால் சென்னைதான் காஸ்ட்லி என்று தோன்றும். பெருங்குடியைத் தூக்கி பெல்லந்தூர் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. ஆபீஸிலிருந்து ஒரே பயண நேரத்தில் இருக்கும் வீடுகளை ஒப்பிடுங்கள். கி.மீ. கணக்கு வேண்டாம், நிமிடக் கணக்கு. பெங்களூரின் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் 8 கி.மீ. என்பது தூரத்தைச் சொல்லும். எத்தனை மணிக்கு ஆபீஸில் இருப்பீர்கள் என்பதைச் சொல்லாது.

அடுத்து அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னை, பெங்களூரு இரண்டிலுமே பழைய வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. "வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்" என்ற அந்தச் சந்தில்தான் பல ஹவுஸ் ஓனர்கள் வண்டியை ஓட்டுகிறார்கள். ஆனாலும் சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேச சென்னையில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று நினைக்கலாம். 30,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஐந்து மாத அட்வான்ஸ் என்றால் 1.5 லட்சம். 7 சதவீத வட்டியில் அது வங்கியில் கிடந்தால் வருஷம் 10,500 ரூபாய். அதாவது உங்கள் நிஜமான வாடகை மாதம் 875 ரூபாய் கூடுதல். பத்து மாதம் என்றால் 1,750. அந்த அட்வான்ஸை பெர்சனல் லோன் போட்டுக் கட்டினால் இந்த எண் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் ஊரறிந்த பழக்கம். இரண்டு வருஷத்தில் காலி செய்தால் 30,000 ரூபாயை 24-ஆல் வகுங்கள்: மாதம் இன்னொரு 1,250. மெயின்டனன்ஸ் வாடகைக்குள் அடக்கமா, தனியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 11,000 ரூபாயில் இப்படித்தான் ஓட்டை விழும்.

கரண்ட்டும் தண்ணியும்

கரண்ட் விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு பாயின்ட் கொடுக்கலாம். கர்நாடகாவின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். வாடகைக்கு இருப்பவர்களும் பதிவு செய்யலாம். ஆனால் நேராக 200 யூனிட் கிடைத்துவிடாது. அந்த இணைப்பின் முந்தைய சராசரிப் பயன்பாடும் அதில் 10 சதவீதமும்தான் உங்கள் வரம்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சென்னையில் பல வீடுகளில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே ஒரு ரேட் போடுவார். அப்படிப்பட்ட வீட்டில் ஏ.சி. போட்டால் மே மாதம் கண்ணைக் கட்டும். பெங்களூரில் ஏ.சி. இல்லாமலும் பலர் கோடையை ஓட்டிவிடுகிறார்கள். அதுவும் ஒரு சேமிப்பு.

தண்ணீரில் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. 2019 ஜூலையில் சென்னை காய்ந்தபோது குடிநீர் ரயில் கிளம்பியது நம்ம ஜோலார்பேட்டையிலிருந்துதான். தலா 50,000 லிட்டர் பிடிக்கும் 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர், வில்லிவாக்கத்துக்கு. சொந்த ஊர் தண்ணீரைச் சென்னையில் லாரியில் காசு கொடுத்து வாங்கிய அனுபவம் அந்த வருஷம் இங்கிருந்து போன பலருக்கும் இருக்கும். 2024 கோடையில் பெங்களூருக்கு அதே நிலை. டேங்கர் விலை தாறுமாறாகப் போக, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு 5 கி.மீ.க்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. வீடு பார்க்கப் போகும்போது மாடுலர் கிச்சனைப் பார்ப்பதற்கு முன்னால், காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். ஓனரைவிட அவர் உண்மையைச் சொல்வார்.

ஊருக்கு வந்து போகும் செலவு

இதை யாரும் எக்ஸெல் ஷீட்டில் போடுவதில்லை. நம்ம பகுதி ஆட்களுக்கு இது பெரிய வரி. மாதம் இரண்டு, மூன்று முறை வீட்டுக்கு வருபவர்கள் நாம்.

இதில் பெங்களூரு ஜெயிக்கிறது. 70 கி.மீ. குறைவு என்பது வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பதா, நடுராத்திரி கதவைத் தட்டுவதா என்ற வித்தியாசம். ஒரு சுவாரஸ்யமான விஷயம்: ரயில்வே சீசன் டிக்கெட் பொதுவாக 150 கி.மீ. வரைதான் தருவார்கள். ஜோலார்பேட்டை - பெங்களூரு அந்த எல்லைக்குள் வருகிறது. ஜோலார்பேட்டை - சென்னை வராது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு சுமார் 130 கி.மீ. என்பதால் வேலூர்க்காரர்களுக்கு அந்த வசதி உண்டு. நம்ம மலைப் பெயரையே வைத்துக்கொண்டு ஓடும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் ஜோலார்பேட்டையில் கிளம்பி காலையில் சென்னையைத் தொடும். சாயங்காலம் சென்னையிலிருந்து திரும்பும். தினமும் போய்வர அது மனித உடம்புக்கான டைம்டேபிள் இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸ் என்றால் யோசிக்கலாம்.

சாலை வழியில் சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம். பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட்டில் திறந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை 19 கி.மீ. சொச்சம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பஸ்ஸில் வருபவர்களுக்கு பொம்மசந்திராதான் ஊரின் வாசல். அங்கே இறங்கி மெட்ரோ பிடித்தால் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். ஓசூரில் வீடு எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். இந்தப் பாதை வந்தபிறகு அந்த யோசனைக்கு இன்னும் வலு. தமிழ்நாட்டு வீடு, பெங்களூரு சம்பளம். இந்தக் கட்டுரையில் வரும் ஆப்ஷன்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒரே நிபந்தனை, ஆபீஸ் வைட்ஃபீல்டில் இருக்கக் கூடாது.

டிக்கெட் விலையில் சென்னை மலிவு. சென்னை மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். பெங்களூரில் 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பிறகு 90 ரூபாய். பெண்களுக்கு இரண்டு மாநிலத்திலும் இலவச பஸ் உண்டு. ஆனால் கர்நாடகாவின் சக்தி திட்டத்துக்கு அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். திருப்பத்தூர் ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். பள்ளி செல்லும் குழந்தை இருந்தால் மொழியையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2006-லும் கர்நாடகாவில் 2015-லும் வந்த சட்டங்களால் இங்கே தமிழும் அங்கே கன்னடமும் பள்ளியில் கற்க வேண்டிய மொழிகள். ஒன்றாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. ஆறாம் வகுப்பில் மாறினால் டியூஷன் செலவு வரும்.

ஆம்பூரிலேயே இருந்துட்டா?

இப்போது சுவாரஸ்யமான பகுதிக்கு வருவோம். சொந்த வீடு ஆம்பூரில். அப்பா அம்மா அங்கேயே. சென்னை போனால் மட்டுமே ஆகும் செலவுகளைப் பட்டியல் போடுங்கள்: வாடகை, மெயின்டனன்ஸ், கூடுதல் போக்குவரத்து, ஊருக்கு வந்து போவது, சமைக்க நேரமில்லாமல் ஆர்டர் பண்ணும் சாப்பாடு. மாதிரிக்கு அது மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் 1,18,700 ரூபாயில் அது போனால் 78,700 ரூபாய்.

அதே 78,700 ரூபாய் ஆம்பூரில் கைக்கு வர எவ்வளவு சிடிசி வேண்டும்? சுமார் 10.15 லட்சம்! சென்னையின் வேரியபிளையும் முழுசாகச் சேர்த்துக்கொண்டால் சுமார் 11.7 லட்சம். முக்கியக் காரணம் வரி. புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரியே கிடையாது. சென்னையில் கட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரி இங்கே பூஜ்யம்.

ஆக 18 லட்சச் சென்னை வேலையும், 10 முதல் 12 லட்சத்துக்குள் உள்ள ஆம்பூர் வேலையும் மாதக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சரி, அந்தப் பத்து லட்சத்தை இங்கே யார் தருவார்கள்?

அதற்கு இந்தத் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் ஒரு காலத்தில் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்த ஊர்கள். 1970-களில் அரை முடிவுத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபிறகுதான் டேனரிக்காரர்கள் முழுமையாக முடித்த தோல், ஷூ அப்பர், முழு ஷூ என்று அடுத்தடுத்த படிக்கு ஏறினார்கள். டேனரிக்கு அனுபவமுள்ள மேஸ்திரி போதும். ஐரோப்பிய பிராண்டுக்கு ஷூ செய்ய மேஸ்திரி மட்டும் போதாது. மெயில் பார்த்து, சாம்பிள் அனுப்பி, காஸ்டிங் போட்டு, ஆடிட்டைச் சமாளிக்கும் ஆள் வேண்டும். அந்தத் தேவையில் உருவானதுதான் இங்குள்ள மேனேஜர் வர்க்கம்.

பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். சம்பள அடுக்கு, கிரேடு என்று அச்சடித்த அட்டவணையைப் பல இடங்களில் எதிர்பார்க்க முடியாது. முதலாளி உங்களை நம்புகிறாரா, பையர் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்து சம்பளம் அமையும். ஐ.டி.யிலிருந்து நேராக வந்து நின்று "நான் ப்ராஜெக்ட் மேனேஜர், பத்து லட்சம் கொடுங்கள்" என்றால், "லாஸ்ட்டுக்கும் சோலுக்கும் வித்தியாசம் தெரியுமா தம்பி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாஃப்ட்வேரில் பக் வந்தால் திங்கட்கிழமை சரிசெய்து அனுப்பலாம். இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் நிறம் ஒத்துப்போகாமல் ஒரு கன்டெய்னர் போய்விட்டால் அந்த ஆர்டரே போச்சு.

இன்னொன்று, தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சனிக்கிழமையும் வேலை நாள். ஐந்து நாள் வாரத்தோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 52 நாள் கூடுதல். சம்பளத்தை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். தொழில் அபாயமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது, முதலில் கதிகலங்கிய தொழில்களில் தோலும் ஒன்று. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு ஆம்பூரில் ஓவர்டைம் நிற்கும். பெங்களூரில் வேலை போனால் அடுத்த வேலைக்கு எதிர்க் கட்டடத்தில் இன்டர்வியூ போகலாம். இங்கே கம்பெனிகள் குறைவு. முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பலர் உறவினர்கள். ஒரு இடத்தில் முகம் கோணி வெளியே வந்தால் அடுத்த இடத்துக்கு உங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். என்னைக் கேட்டால், மாதச் சம்பள வித்தியாசத்தைவிட இந்த அடுத்த வேலை கிடைக்கும் வாய்ப்புதான் பெருநகரத்தின் நிஜமான போனஸ்.

சொந்த வீடு என்றால் தண்ணீர்ச் செலவு இல்லை என்றும் நினைக்க வேண்டாம். டேனரிக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட கதை ஊருக்கே தெரியும். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை 1996-ல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது இந்தப் பகுதி வழக்கில்தான். 2025 ஜனவரியிலும் இழப்பீடு பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. கேன் தண்ணி செலவை ஆம்பூர்க் கணக்கிலும் எழுதுங்கள்.

அதேசமயம் இந்தப் பக்கம் வேலைச் சந்தை பழையபடியே இல்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அறிவித்த முதலீடு 9,000 கோடி ரூபாய். அதே பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் ஷூ ஆலைக்கு அடிக்கல். 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. இது தோல் ஷூ இல்லை, ஸ்போர்ட்ஸ் ஷூ ரகம். 25,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு பிளானிங், சோர்சிங், லைன் பேலன்சிங் தெரிந்த மேனேஜர்கள் தேவைப்படுவார்கள். ஆம்பூர் அனுபவம் உள்ளவர்களுக்கு முதல்முறையாக, ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகாமலே இரண்டு ஆஃபரைக் கையில் வைத்துப் பேரம் பேசும் நிலை வரலாம்.

மலையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா?

இதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சென்னை, பெங்களூரு கம்பெனிகள் டீம் அவுட்டிங் என்று வந்து இறங்கும் ஏலகிரியிலேயே வீடு எடுத்து முழு ரிமோட்டில் வேலை பார்த்தால்? வாடகை குறைவு, 1,100 மீட்டர் உயரக் குளிர் இலவசம். முடியும். ஆனால் காய்கறியிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை பல பொருளும் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வர வேண்டும். வார இறுதியில் விலை டூரிஸ்ட் விலை. இரண்டு இன்டர்நெட் இணைப்பு, ஒரு இன்வெர்ட்டர் இல்லாமல் க்ளையன்ட் காலில் உட்காராதீர்கள். முக்கியமாக, முழு ரிமோட் என்று சேர்த்துக்கொண்ட கம்பெனிகளே வாரம் மூன்று நாள் ஆபீஸ் வாருங்கள் என்று மாற்றிக்கொள்ளும் காலம் இது. அப்படி மாறிய மறுநாள், மேலே சொன்ன 40,000 ரூபாய் செலவு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அதனால் எந்த ஊர் ஆஃபராக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் ஹெச்.ஆரிடம் இதையெல்லாம் மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாரம் எத்தனை நாள் ஆபீஸ், எந்த கட்டடத்தில்? வேரியபிள் எப்போது, எதை வைத்து? ஜாயினிங் போனஸ் என்றால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும்? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்கு முதல் நாளிலிருந்து கவர் ஆகுமா, வேலூர் சி.எம்.சி.யில் கேஷ்லெஸ் வசதி கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு "செக் பண்ணிச் சொல்றோம்" என்பார்கள். சொல்லும்வரை ஆஃபரை அக்சப்ட் பண்ணாதீங்க.